வைஃபைக்குக் கைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக்குப் புது இணைப்பு வந்தாலும் ரௌட்டரைப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் முதலில் கேட்பது, "கடவுச்சொல் உங்கள் கைபேசி எண்தானே?" என்பதுதான். பெரும்பாலும் அதுவேதான். இணைப்புக் கொடுக்க வந்தவர் அப்படி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில்தான் தொடங்கும். ஆக, அதிகபட்சம் 400 கோடி எண்கள். பெரிய தொகைதான், ஆனால் உங்கள் கைபேசி ரௌட்டருடன் இணையும்போது பரிமாறிக்கொள்ளும் தகவலை ஒருவன் பிடித்துவிட்டால், பிறகு அவன் தன் வீட்டிலிருந்தே நல்ல கிராபிக்ஸ் அட்டையுள்ள கணினியில் அத்தனையையும் சில மணி நேரத்தில் சோதித்துவிடலாம். உங்கள் எண் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை.

ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். அதிலுள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பிரௌசரில் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அதற்குள் நுழையும் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. பலர் இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டு, முதலாவதை 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறார்கள். உங்கள் வைஃபையில் இணைந்த எவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் வங்கித் தளத்தைத் தேடினால் போலித் தளத்துக்குப் போகும்படி மாற்றிவைக்க முடியும். ஆகவே முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்து, அதே பக்கத்தில் வயர்லெஸ் பாதுகாப்புப் பகுதி. வைஃபையில் போகும் தகவலைப் பூட்டும் முறையை இங்கே தேர்ந்தெடுக்கலாம். டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அது. பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2 (WPA2), அதிலும் ஏஇஎஸ் (AES) என்ற குறியாக்கம். டபிள்யூஇபி (WEP) என்ற பழைய முறை 2001லேயே உடைக்கப்பட்டது. அதைத் தொடவே வேண்டாம். வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதச் சொல்வேன். குறளின் முதல் அடி வேண்டாம், அது ஊருக்கே தெரியும்.

கடவுச்சொல்லைத் தட்டாமலேயே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணை ரௌட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011இல் வெளிவந்தது. வைஃபை பெயரை மறைப்பதால் பயனில்லை. திருடனுக்கு அது தெரியும், உங்கள் மாமியாருக்குத்தான் தெரியாது. விருந்தினருக்கும் கேமராவுக்கும் 'கெஸ்ட்' வைஃபையைத் தனியாகக் கொடுங்கள்.

சேமித்ததும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றிலும் புதிய கடவுச்சொல்லைத் தர வேண்டும். டிவி ரிமோட்டில் ஐந்து சொற்களைத் தட்டுவதற்குப் பொறுமை வேண்டும் என்பதால், யாரும் எதுவும் பார்த்துக்கொண்டிராத நேரமாகத் தேர்ந்துகொள்ளுங்கள்.