ஒஹாயோவில் தேன், மேப்பிள் பாகு விற்க உரிமம் வேண்டுமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சொந்தத் தேனீப் பெட்டித் தேனையும், மேப்பிள் மரச் சாற்றைச் சொந்தமாகக் காய்ச்சி எடுத்த பாகையும் விற்க உணவு உரிமம் தேவையில்லை. ஆனால் லேபிளுக்கு விலக்கு கிடையாது.

படி 1: 75 சதவீதக் கணக்கு

அடைக்கும் தேனில் குறைந்தது 75 சதவீதம் உங்கள் பெட்டிகளில் எடுத்ததாக இருக்க வேண்டும். மேப்பிளுக்கு, காய்ச்சும் சாற்றில் அதே பங்கை நீங்களே மரங்களிலிருந்து இறக்கியிருக்க வேண்டும். சொந்தத் தேன் 60 கிலோ என்றால் வெளியில் வாங்குவது 20 கிலோவைத் தாண்டக் கூடாது. மொத்தம் 80, அதில் 60 என்பது சரியாக முக்கால் பங்கு. விளைச்சல் குறைந்த வருடத்தில் வாங்கிக் கலக்கும்போதுதான் இந்த வரம்பு மீறப்படுகிறது. எடுத்த எடை, வாங்கிய எடை இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

படி 2: பெட்டிகளைப் பதிவு செய்தல்

தேனீ வளர்ப்பவர்கள் பெட்டி வைத்துள்ள ஒவ்வொரு இடத்தையும் ஆண்டுதோறும் ஜூன் 1க்குள் மாநில வேளாண் துறையில் பதிய வேண்டும். கட்டணம் இடத்துக்கு 5 டாலர். இது தேனீ நோய்க் கண்காணிப்புக்கானது. உணவு உரிமத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 3: பதம்

தேனில் ஈரம் 18.6 சதவீதத்துக்கு மேல் போனால் புளித்துப் பொங்கும் அபாயம் கூடும். பெரும்பாலான அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடிய பிறகே அடையை எடுங்கள். ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

மேப்பிள் பாகு, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 7 பாரன்ஹீட் டிகிரி மேலே பதத்துக்கு வரும். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதால், அன்றன்றைக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெர்மாமீட்டரைச் சரிபாருங்கள். பாகின் சர்க்கரை அளவு 66 பிரிக்ஸுக்கு (அதாவது எடையில் ஏறத்தாழ 66 சதவீதத்துக்கு) கீழே நின்றால் பூஞ்சை பிடிக்கும். மிகவும் காய்ச்சினால் புட்டியின் அடியில் கற்கண்டு கட்டும். குறைந்தது 82 செல்சியஸ் சூட்டில் அடைத்து மூடுங்கள்.

படி 4: லேபிள்

பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர அளவு, உங்கள் தொழிலின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். தேனுக்கு எடை, பாகுக்குக் கொள்ளளவு. தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம். அதனால் புட்டியின் திரவ அவுன்ஸ் எண்ணை அப்படியே எடையாக எழுதக் கூடாது. காலிப் புட்டியைக் கழித்து நிறுத்துப் பார்த்து, அவுன்ஸிலும் கிராமிலும் எழுதுங்கள்.

படி 5: இஞ்சி, பட்டை சேர்த்தால்

மணமூட்டிய தேன் வீட்டுத் தயாரிப்பு உணவு என்ற வேறு வகைக்குள் போய்விடும். 'இது வீட்டில் தயாரிக்கப்பட்டது' என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். ஒஹாயோவுக்கு வெளியே விற்க முடியாது.

கடைக்காரர் அரசு முத்திரை கேட்டால், வேளாண் துறையிடம் விருப்ப ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம்.