ஐபோனும் ஆண்ட்ராய்டும்: மெசேஜ் போகாதபோது மலையகத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஹட்டனிலிருந்து அனுப்பிய மெசேஜ் தலவாக்கலையில் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை என்றால் முதலில் டவரைக் குறை சொல்கிறோம், அடுத்து போனை. கடைக்குக் கொண்டுபோய் ரீசெட் செய்யச் சொல்பவர்கள் நிறையப் பேர். பழைய மெசேஜும் படங்களும் அழிந்துபோகின்றன, கோளாறு அப்படியே இருக்கிறது. அந்த மெசேஜ் எந்த வழியில் போனது என்று யாரும் பார்க்காததுதான் காரணம்.

வழி மூன்று இருக்கிறது. சாதாரண எஸ்எம்எஸ் எல்லாப் போனுக்கும் போகும், டேட்டா தேவையில்லை. ஐமெசேஜ் 2011இல் ஆப்பிள் கொண்டுவந்தது. ஐபோனிலிருந்து ஐபோன் போன்ற ஆப்பிள் சாதனத்துக்கு மட்டுமே போகும், டேட்டா இல்லாமல் நகராது. ஆர்சிஎஸ் என்பது ஆண்ட்ராய்டில் வந்த, டேட்டா வழியாகப் போகும் புது முறை. 2024இல் ஐஓஎஸ் 18 வந்த பிறகு ஐபோனும் அதை ஏற்கிறது, ஆனால் சிம் நிறுவனமும் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். ஐபோனில் நீலக் கட்டம் என்றால் ஐமெசேஜ், பச்சை என்றால் மற்றவை. ஆண்ட்ராய்டில் எழுதும் இடத்திலேயே ஆர்சிஎஸ் என்றோ எஸ்எம்எஸ் என்றோ காட்டும். எதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

எங்கள் பக்கம் அதிகம் நடக்கும் தவறு, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறும்போது ஐமெசேஜை அணைக்காமல் விடுவது. ஐபோனை விற்றுவிட்டு, சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆப்பிளின் கணக்கில் அந்த நம்பர் இன்னும் ஐபோன் நம்பராகவே இருக்கும். வீடு மாறியவரின் கடிதம் பழைய லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீட்டுக்கே) போவது மாதிரி, ஐபோன் வைத்திருக்கும் அண்ணனோ அக்காவோ அனுப்புவதெல்லாம் ஐமெசேஜாகவே போய், உங்களுக்கு வராமல் நின்றுவிடும். கோல் வரும், ஆண்ட்ராய்டுக்காரர்களின் மெசேஜும் வரும், ஐபோன்காரர்களுடையது மட்டும் வராது. இப்படி ஒரு தரப்பு மட்டும் விடுபட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழைய ஐபோன் கையில் இருந்தால் சிம்மை அதிலேயே போட்டு, செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதிக்குப் போய் ஐமெசேஜை அணையுங்கள். புதிய ஐஓஎஸ் என்றால் மெசேஜஸ் 'ஆப்ஸ்' என்பதற்குள் இருக்கும். போனை விற்றாகிவிட்டதா? ஆப்பிளின் இணையதளத்தில் நம்பரை ஐமெசேஜிலிருந்து நீக்க ஒரு பக்கம் இருக்கிறது. நம்பரைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்கக் குறியீடு வரும், அதைப் போட்டால் முடிந்தது. ஆர்சிஎஸ் பயன்படுத்திய ஆண்ட்ராய்டை மாற்றும்போதும் இதே சிக்கல் வரலாம். அதை நீக்க கூகுளும் ஒரு பக்கம் வைத்திருக்கிறது.

அடுத்தது வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஐபோன். சவூதியிலோ குவைத்திலோ வேலை செய்யும் அம்மா, சித்தி, மாமா பாவித்த போனை ஊருக்கு அனுப்பும்போது அவர்களுடைய ஆப்பிள் கணக்கு அதிலேயே இருக்கும். பிள்ளைகளும் அதை மாற்றாமல் பாவிக்கிறார்கள். அப்புறம் சித்திக்கு வரும் மெசேஜ் தங்கையின் போனில் திறக்கும், தங்கை அனுப்புவது நம்பருக்குப் பதில் சித்தியின் மின்னஞ்சல் பெயரில் போகும். குடும்பத்துக்குள் வீண் சந்தேகம் வரக்கூட இது போதும். அந்தக் கணக்கிலிருந்து முழுதாக வெளியேறி, போனை வைத்திருப்பவரின் பெயரில் புதுக் கணக்கு திறப்பதுதான் சரி. கணக்கின் கடவுச்சொல் கொடுத்தவரிடம்தான் இருக்கும் என்பதால், போன் விமானம் ஏறுவதற்கு முன்பே அவரை வெளியேறச் சொல்வது நல்லது.

புதிதாக ஐமெசேஜைத் திறக்கும்போது போன் நமக்குத் தெரியாமல் வெளிநாட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். ப்ரீபெய்ட் சிம்மில் காசு இல்லாவிட்டால் அது போகாது, 'காத்திருக்கிறது' என்றே திரை காட்டிக்கொண்டிருக்கும். டேட்டா பேக்கேஜ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், பேக்கேஜ் வேறு, சாதாரண மீதி வேறு. கொஞ்சம் ரீலோட் செய்து, போனின் தேதியும் நேரமும் சரியா என்று பார்த்துவிட்டு 24 மணி நேரம் வரை பொறுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து பிடிக்கும். ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஒரு இமோஜியோ கலந்தாலும் அளவு 70 ஆகிவிடும். அந்த 70ம் நாம் எண்ணுவது போல் எண்ணப்படுவதில்லை. 'பெரட்டு' (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கக் கூடுவது) என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, போனின் கணக்கில் ஏழு, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாகச் சேர்கின்றன. 70ஐத் தாண்டினால் மெசேஜ் 67, 67 ஆகத் துண்டாகும், ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்எம்எஸ். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் ஒரு துண்டு பிந்தினால் சில போன்கள் மெசேஜையே காட்டாமல் காத்திருக்கும், சில போன்கள் பாதியைக் காட்டும். 'நாளை பெரட்டு இல்லை' என்று முடியும் ஒரு நீண்ட தகவலில் 'இல்லை' மட்டும் அடுத்த துண்டில் போய்ப் பிந்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவசரத் தகவலைச் சின்னதாக எழுதுங்கள், இமோஜி வேண்டாம், முக்கியமான சொல் முதலில் வரட்டும். தமிழ் எழுத்துரு இல்லாத பழைய பட்டன் போனுக்கு அனுப்பினால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். தாத்தா வைத்திருப்பது அந்த மாதிரிப் போன் என்றால் கோல் எடுத்துவிடுங்கள்.

மலைச்சரிவில் இருப்பவர்களுக்கு நான் மிகவும் வலியுறுத்துவது இதுதான். டவருக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு மேடு இருந்தாலே டேட்டா பெயருக்குத்தான் இருக்கும். போனில் 4ஜி என்று காட்டும், எதுவும் நகராது. அங்கே ஐமெசேஜும் ஆர்சிஎஸ்ஸும் வாட்ஸ்அப்பும் சுற்றிக்கொண்டே நிற்கும், எஸ்எம்எஸ் போய்விடும். ஐபோனில் 'சென்ட் ஆஸ் டெக்ஸ்ட் மெசேஜ்' என்ற தெரிவைத் திறந்து வையுங்கள். ஐமெசேஜ் போகாவிட்டால் எஸ்எம்எஸ்ஸாக மாற்றி அனுப்பும். அவசரம் என்றால் போகாமல் நிற்கும் மெசேஜை அழுத்திப் பிடித்து நீங்களே மாற்றலாம். ஆண்ட்ராய்டிலும் ஆர்சிஎஸ் அமைப்புக்குள் தானாக எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும் தெரிவு உண்டு. எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு போகும் என்று பலர் இவற்றை அணைத்து வைக்கிறார்கள். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது, தோட்டத்தின் கீழ் டிவிசனில் (பிரிவில்) இருப்பவருக்கு அது உடனே போக வேண்டும். அந்த நேரத்தில் மிச்சம் பிடிக்கும் சில சதம் பெரிதல்ல. மெசேஜே போகாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் கோல் எடுக்கலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. நம்பர்களை 07 என்று சேமிக்காமல் +94 என்று தொடங்கிச் சேமியுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் போனில் உங்கள் நம்பர் 07 என்று இருந்தால் அவர் அனுப்பும் மெசேஜ் உங்களுக்கு வராது. வங்கிக் குறியீடு வரவில்லை என்றால் 'ஸ்பாம்' பகுதியையும், ஐபோனில் தெரியாதவர்களின் மெசேஜ் ஒதுங்கும் பட்டியலையும் பாருங்கள். படத்தையும் வீடியோவையும் எஸ்எம்எஸ் வழியில் அனுப்பாதீர்கள், அது எம்எம்எஸ்ஸாக (படம் அனுப்பும் பழைய முறையாக) மாறி ஒன்றில் போகாது, அல்லது மங்கலாகப் போகும். இரட்டை சிம் போனில் எந்த சிம்மிலிருந்து போகிறது என்பதையும் கவனியுங்கள். காசு ஒன்றில் இருக்கும், மெசேஜ் மற்றதிலிருந்து போய்க்கொண்டிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரிவரவில்லை என்றால், 'ஹலோ' என்று ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அவரையும் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். பிறகு மூன்றாவது ஒருவரின் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். யாருக்குமே போகவில்லை என்றால் கோளாறு உங்கள் பக்கம், ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் பக்கம் அல்லது இருவருக்கும் இடையில். உங்கள் பக்கம் என்றால் போனை அணைத்துத் திறந்து, சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே போனால் சிம்மில் பிழை இல்லை, இந்தப் போனின் நெட்வொர்க் அமைப்பை மட்டும் ரீசெட் செய்யலாம். அதில் வைஃபை கடவுச்சொற்கள் போகும், மெசேஜும் படங்களும் போகாது. வேறு போனிலும் போகவில்லை என்றால் சிம் நிறுவனத்துக்குக் கோல் எடுத்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த நம்பருக்கு அனுப்பியது நின்றது என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். சிம்மில் இருக்க வேண்டிய எஸ்எம்எஸ் நிலைய நம்பர் (எஸ்எம்எஸ்ஸை வாங்கி அனுப்பும் நிலையத்தின் நம்பர்) அழிந்திருக்கலாம், அதைச் சரிபார்க்கும்படியும் கேளுங்கள்.