பல வயதுப் பிள்ளைகளோடு முதன்முறையாகச் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் செல்லத் திட்டமிடுவது எப்படி?

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ஹாலிவுட் படங்களை மையமாகக் கொண்ட கேளிக்கைப் பூங்காவான யுனிவர்சல் ஸ்டூடியோஸ், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல தங்கள் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் சேர்த்துக்கொள்ளும் இடமாகிவிட்டது. சென்னை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களிலிருந்து நேரடி விமானம் உண்டு. பயண நேரம் ஏறத்தாழ 4 மணி. பூங்காவின் பரப்பும் சுமார் 20 ஹெக்டேர்தான் என்பதால், ஒரே நாளில் சுற்றிவிடலாம். ஆயினும் 3 வயதில் ஒன்று, 8 வயதில் ஒன்று, 14 வயதில் ஒன்று என்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில், எல்லோரும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போனால், பெரியவன் சின்னவளுக்காகக் காத்திருந்து சலிப்பான், சின்னவள் பெரியவனின் வரிசையில் நின்று அழுவாள், நடுவில் உள்ளது இரண்டு பக்கமும் சேராமல் தவிக்கும். குடும்பம் எப்போது பிரிய வேண்டும், எப்போது கூட வேண்டும் என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொள்வதுதான் இந்தத் திட்டத்தின் பெரும்பகுதி.

அந்த முடிவுக்கு அடிப்படை வயதன்று, உயரம். எனவே விமானச் சீட்டைத் தேடத் தொடங்கும் முன்பே பிள்ளைகளைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்கவைத்து அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இங்குள்ள பெரிய ரோலர் கோஸ்டரான பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் ஏறக் குறைந்தது 125 செ.மீ. உயரம் வேண்டும். இருட்டுக்குள் ஓடும் மம்மி கோஸ்டருக்கு 122, ஜுராசிக் பார்க் படகுப் பயணத்துக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் மினியன் மேஹெமுக்கும் 102, புஸ் இன் பூட்ஸுக்கு 100, கேனோபி ஃப்ளையருக்கும் என்சான்டட் ஏர்வேஸுக்கும் 92 என்று வரம்புகள் இறங்கிவருகின்றன. பொதுவாக 122 செ.மீ.க்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடுதான் ஏற முடியும். ஒரு தாளில் ரைடுகளின் பெயர்களை ஒரு பக்கமும் பிள்ளைகளின் பெயர்களை மறுபக்கமும் எழுதிக் கட்டம் போட்டு நிரப்பினால், யார் யாரோடு எங்கே போகலாம் என்பது தெளிவாகிவிடும். பயணத்துக்கு முந்தைய வாரம் பூங்காவின் இணையதளத்தில் இந்த அளவுகளையும், பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கும் ரைடுகளின் பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் மிகவும் கவனிக்க வேண்டியவர் நடுப்பிள்ளை. 8 வயதுப் பிள்ளைகள் பலர் 120 செ.மீ.யை ஒட்டியே இருப்பார்கள். ஒரு விரற்கடைக் குறைவால் மம்மி வாசலில் திருப்பி அனுப்பப்படுவது அந்த வயதில் பெரிய அவமானம். வாசலில் அளவுகோலை வைத்துத்தான் பார்ப்பார்கள், கெஞ்சினாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. இருக்கையின் பிடிமானம் அந்த உயரத்துக்கென்றே அமைக்கப்பட்டது. தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி வாங்கி ஏமாற்ற முயலும் பெற்றோரும் உண்டு, அதைவிடப் பொறுப்பற்ற சிக்கனம் வேறில்லை. எதில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லி, அதற்கு ஈடாக அந்தப் பிள்ளை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஒரு ரைடை நாளின் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

உயரம் அனுமதித்தாலும் மனம் அனுமதிக்க வேண்டும். பேட்டில்ஸ்டாரில் இரண்டு தடங்கள் உண்டு. சிவப்பு நிறத்து ‘ஹியூமன்’ தடத்தில் தலைகீழ்ச் சுழற்சி இல்லை. நீல நிறத்து ‘சைலான்’ தடத்தில் கால் தொங்கத் தலைகீழாகச் சுழற்றும். மம்மியில் இருளும் நெருப்பும் பின்னோக்கி ஓடும் வேகமும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முப்பரிமாணக் காட்சியோடு ஆட்டுவது. பேருந்தில் வாந்தியெடுக்கும் பிள்ளைகளுக்கு அது ஒத்துவராமல் போகலாம். இவற்றின் காணொலிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன, குடும்பமாக உட்கார்ந்து பார்த்தால் யாருக்கு எது பிடிக்கும் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும். பயந்த பிள்ளையை ‘ஆம்பளைப் பிள்ளைதானே’ என்று இழுத்துக்கொண்டு போவது அந்த நாளையே கெடுத்துவிடும்.

அடுத்தது நாளைத் தேர்ந்தெடுப்பது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் விடுமுறையும் ஒன்றோடொன்று முழுமையாக மோதுவதில்லை. அங்கே மே மாத இறுதியில்தான் நான்கு வார விடுமுறை தொடங்குகிறது. ஆகவே மே முதல் தேதியையும், சீனாவிலிருந்து மக்கள் பெருமளவில் சுற்றுலா வரும் அதையடுத்த சில நாள்களையும் விட்டுவிட்டு, இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் செவ்வாய் முதல் வியாழன் வரையுள்ள ஒரு நாளை வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் அதே கணக்கோடு வந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். காலாண்டு விடுமுறையில் போவதானால், செப்டம்பர் இறுதியிலிருந்து ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற தனிக்கட்டண இரவு நிகழ்ச்சி நடக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அது சிறுவர்களுக்கு உகந்ததன்று. அது நடக்கும் நாள்களில் பகல் நேரப் பூங்காவும் சீக்கிரமே மூடப்படும். டிசம்பரில் அங்கும் பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் கூட்டம், வடகிழக்குப் பருவமழை ஆகிய மூன்றும் சேர்ந்துவிடுவதால் முதல் பயணத்துக்கு அம்மாதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நுழைவுச்சீட்டில் வயதுக்கு இடமுண்டு: 4 வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை, 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம், 13 முதல் பெரியவர் கட்டணம், 60 முதல் மூத்தோர் கட்டணம். பிறந்தநாளை ஒட்டிப் பயணம் வைப்பவர்கள் இதைக் கணக்கிட்டால் ஓரளவு மிச்சமாகும். விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் தேதியைக் குறிப்பிட்டு முன்கூட்டியே வாங்குங்கள்.

வரிசையைச் சுருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸை எல்லோருக்கும் வாங்குவது வீண் என்பது என் கருத்து. கூட்ட நாள்களில் அதன் விலை நுழைவுச்சீட்டின் விலையைத் தொட்டுவிடும், சில நாள்களில் தாண்டியும் போகும். குழந்தைக்கு ஏற்ற ரைடுகளில் அதனால் கிடைக்கும் நன்மை குறைவு. பணம் இடங்கொடுத்தால் மூத்த பிள்ளைக்கும் அவனோடு போகும் ஒரு பெரியவருக்கும் மட்டும் வாங்கினால் போதும். அதுவும் வேண்டாமென்றால், பெரிய ரைடுகள் சிலவற்றில் தனி ஆளாக ஏறுவோருக்கென்றே ‘சிங்கிள் ரைடர்’ என்ற வரிசை இருக்கிறது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கவலையில்லை என்கிற 14 வயதுப் பிள்ளைக்கு அது மிகவும் பொருந்தும்.

தாத்தா பாட்டி உடன் வருகிறார்களா? அவர்களுக்கும் பூங்காச் சீட்டு வாங்கி, நாள் முழுக்க நிழல் தேடி உட்கார வைப்பதைவிட, காலையில் அவர்களைப் பூங்காவின் அருகிலேயே 2025 ஜூலையில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற மீன் காட்சியகத்துக்கு அனுப்பிவைப்பது மேல். அங்கே குளிர்சாதன வசதியோடு நிதானமாகச் சுற்றலாம். கடைக்குட்டியும் மீன் பார்க்க அவர்களோடு போய்விட்டால், பெற்றோர் இருவரும் மூத்த பிள்ளைகளோடு சில மணி நேரம் தடையின்றிச் செலவிடலாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, இந்தியக் குடிமக்களுக்கு விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சிறுவர்களின் கடவுச்சீட்டு பொதுவாக 5 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும் என்பதால், பயண நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடியாகுமா என்று முதலிலேயே பாருங்கள். சிங்கப்பூர் சேருவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசுத் தளமன்று.

தங்குமிடத்தைச் செந்தோசாவிலேயே எடுக்க வேண்டுமென்பதில்லை. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பகுதிகளிலிருந்து ஊதா நிற வடகிழக்கு ரயில் தடம் வண்டி மாறாமலே ஹார்பர்ஃப்ரன்ட் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அந்நிலையத்துக்கு மேலேயே உள்ள விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் முதல் நிறுத்தமே பூங்காவுக்கானது. அதற்குத் தீவுக்குள் நுழையும்போது மட்டும் 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம், திரும்பி வரக் கட்டணமில்லை. இரவில் பிள்ளைகள் ‘சோறு வேண்டும்’ என்று கேட்கும்போது சிராங்கூன் சாலை பக்கத்தில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பது மூன்றாம் நாளில் விளங்கும். 1947 முதல் இயங்கிவரும் கோமள விலாஸும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. செயலி வழி வாடகைக் கார் அழைப்பதானால், அங்கும் உயரக் கணக்கு வந்து நிற்கும்: 135 செ.மீ.க்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அவ்வகைக் கார்களில் சிறுவர் இருக்கை சட்டப்படி கட்டாயம். சாதாரண டாக்சிகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு.

வந்து இறங்கிய நாளிலேயே பூங்காவுக்குப் போகாதீர்கள். நம் ஊரிலிருந்து நள்ளிரவில் கிளம்பி விடியலில் சேரும் விமானங்களில் பிள்ளைகள் அரைத்தூக்கமே தூங்கியிருப்பார்கள். அங்கே கடிகாரமும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் சரியாக இருக்கும்.

பூங்கா பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும். அரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். நடுவில் ஓர் ஏரி, அதைச் சுற்றி வளையமாகப் பகுதிகள் என்பதே அமைப்பு என்பதால் வழி தவறுவது கடினம். ஹாலிவுட் பகுதிக்குள் நுழைந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரியட்டும். உயரம் எட்டிய பிள்ளைகள் ஒரு பெரியவரோடு நியூயார்க் பகுதி வழியாக சயன்ஸ் ஃபிக்‌ஷன் நகருக்கும் பிறகு எகிப்துக்கும் போகட்டும். கைக்குழந்தையோடு இருப்பவர் எதிர்த்திசையில், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினியன் லேண்டுக்கும் ஷ்ரெக் கோட்டை நிற்கும் ஃபார் ஃபார் அவே பகுதிக்கும் போகட்டும். முதல் ஒன்றரை மணி நேரத்தில் வரிசைகள் குறைவாக இருக்கும்போது இரு தரப்பும் தத்தம் பெரிய ஆசைகளை முடித்துக்கொண்டு, வளையத்தின் மறுகோடியில் உள்ள ஜுராசிக் பகுதியில் சந்திக்கலாம். பெற்றோர் இருவருக்குமே ஒரு பெரிய ரைடில் ஆசை இருந்தால், வாசல் ஊழியரிடம் குழந்தையை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கேளுங்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமலே ஏறிக்கொள்ளலாம்.

நண்பகலுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்திருக்கட்டும். வாட்டர்வேர்ல்டு என்ற தண்ணீர்ச் சாகச நிகழ்ச்சியின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்து, எல்லோருமாக உட்கார்ந்து பார்க்கலாம். முன்வரிசைகளில் உட்கார்ந்தால் நனைவது உறுதி என்பதால் கைக்குழந்தையோடு மேல்வரிசைக்குப் போங்கள். ஜுராசிக் படகுப் பயணத்திலும் துணி நன்றாக நனையும், ஆளுக்கொரு மாற்றுச் சட்டை தேவை. வெளி உணவுக்குப் பூங்காவில் அனுமதியில்லை, குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு. சைவ உணவுக்காரர்கள் காலைச் சிற்றுண்டியை நன்றாகவே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பிற்பகல் இடிமழை அங்கே வாடிக்கை என்பதாலும் பேட்டில்ஸ்டார் போன்றவற்றைக் காலையில் முடித்துவிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸும் மம்மியும் கூரைக்குள் இருப்பவை, மழை நேரத்துக்கு அவை உதவும்.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் காலையிலேயே பேசிவிடுங்கள். கைப்பேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதிவைத்து, அன்று உடுத்திய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீருடை அணிந்த ஊழியரிடம் போய் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

மூடும் நேரம் வரை இருந்தால்தான் காசுக்குப் பலன் என்று நினைக்க வேண்டாம். கடைக்குட்டி மாலை 5 மணிக்கே துவண்டுவிட்டால் ஒருவர் அவளோடு அறைக்குத் திரும்பலாம், மற்றவர் கூட்டம் குறைந்த கடைசி ஒரு மணி நேரத்தில் மூத்தவர்களுக்குப் பிடித்த ரைடில் இரண்டாவது முறை ஏற்றிவிட்டு வரலாம். மறுநாள் காலைக்கு எந்தச் சீட்டும் வாங்கி வைக்காதீர்கள். பிள்ளைகள் தாமாக எழுந்திருக்கட்டும். மிருகக்காட்சிசாலையை அதற்கடுத்த நாளுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.