அடுத்த மாதம் எந்தப் புத்தகம்? வாசிப்புக் குழுவுக்குத் தேர்வு செய்யும் முறை

நண்பர்கள் ஆறேழு பேர் சேர்ந்து தொடங்கும் வாசிப்புக் குழு நான்காவது கூட்டத்திலேயே தளர்ந்துபோனால், முதலில் புத்தகத் தேர்வைத்தான் பார்க்க வேண்டும். கிடைக்காத புத்தகம், முடிக்க முடியாத புத்தகம், பேச ஒன்றுமில்லாத புத்தகம் ஆகிய மூன்றையும் வாக்கெடுப்புக்கு முன்பே கழித்துவிடுங்கள்.

1. முறைவைத்து முன்மொழியுங்கள்

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னால் வாட்ஸ்அப்பில் இருபது பெயர்கள் குவியும், ஒன்றும் முடிவாகாது. மாதத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு புத்தகம் போதும். பதிப்பகம், பக்க எண்ணிக்கை, விலை, கிடைக்கும் இடம் நான்கையும் முன்மொழிபவரே விசாரித்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் முடிவில் முதல் இரண்டு பக்கங்களை வாய்விட்டு வாசிக்கட்டும். நடை ஒத்துவருமா என்பதைப் பின்னட்டை சொல்லாது, இது சொல்லிவிடும்.

2. கிடைக்குமா?

தமிழ்ப் புத்தகங்கள் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன. விற்றுத் தீர்ந்துவிட்டால், நல்ல நாவல்கூட மறுபதிப்பு வரும்வரை கடையில் இருக்காது. அதனால் கடைக்குப் போன் செய்து, 'ஏழு பிரதி இருக்கிறதா?' என்று எண்ணிக்கை சொல்லிக் கேளுங்கள்.

நாட்டுடைமையான, அதாவது யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம் என்று அரசு பொதுவாக்கிய நூல்களில் சிக்கல் வேறு. பல பதிப்பகங்கள் போடுவதால் பக்க எண்கள் ஒத்துப்போகாது. சுருக்கப் பதிப்பும் கலந்துவிடும். 'பொன்னியின் செல்வன்' எடுத்தால் பக்க எண்ணை விட்டுவிட்டு, பாகம், அத்தியாய எண் சொல்லிப் பேசுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் எல்லோரிடமும் ஒரே மொழிபெயர்ப்பாளரின் பிரதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் ரசித்த வரி இன்னொருவர் பிரதியில் வேறு மாதிரி இருக்கும்.

3. முடிக்க முடியுமா?

வேலைக்குப் போகிறவர் நாளுக்குப் பன்னிரண்டு பக்கம் வாசிப்பார், மாதத்தில் இருபது நாள்தான் கைகூடும் என்று வையுங்கள்: 240 பக்கம். புதிய குழுவுக்கு 250 பக்கமே உச்சவரம்பு. ஆனால் பக்க எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. எழுத்தளவு சிறியதென்றால் 200 பக்கம் 300 பக்கத்தின் வேலை வாங்கும். நடுப்பக்கம் ஒன்றில் வரிகளை எண்ணி, ஒரு வரியின் சொற்களால் பெருக்கிப் பார்த்து மற்ற புத்தகங்களோடு ஒப்பிடுங்கள். ஐந்து பாகம் கொண்ட நாவலுக்கு ஐந்து கூட்டம். சிறுகதைத் தொகுப்பென்றால் ஐந்து கதைகளைப் பெயர் சொல்லிக் குறித்துவிடுங்கள். இல்லையேல் ஆளுக்கொரு கதை படித்துவிட்டு வருவார்கள்.

4. பேச இடம் இருக்கிறதா?

பெரும்பாலான குழுக்கள் கேட்கத் தவறும் கேள்வி இதுதான். எல்லோருக்கும் பிடித்துப்போகும் புத்தகம் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் 'அருமை' என்று ஏழு பேரும் சொன்ன பிறகு, இருபது நிமிடத்தில் பேச்சு சினிமாவுக்குப் போய்விடும். பாத்திரம் எடுத்த முடிவு சரியா, கதைசொல்லியை நம்பலாமா, கதையின் முடிவு பொருந்துகிறதா என்று இரண்டு பக்கமும் நியாயம் தேடக்கூடிய புத்தகமே குழுவுக்கு ஏற்றது. முன்மொழிபவரிடம், நண்பர்கள் மாறுபடுவார்கள் என்று அவர் நினைக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில்தான் இருக்க முடியும் என்றால், அந்தப் புத்தகம் எவ்வளவு நல்லதானாலும் தனியாக வாசிப்பதற்கு உரியது.

இதே காரணத்தால், ஒருவர் உயிராக நேசிக்கும் புத்தகத்தை முதல் சில மாதங்களில் எடுக்காதீர்கள். அவர் மனம் நோகுமே என்று மற்றவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள்.

5. வாக்கு

ஆளுக்கு ஒரு வாக்கு போதாது. ஏழு பேரில் மூன்று பேர் வாக்கு வாங்கிய புத்தகம் வெல்லும்; மற்ற நால்வர் அரைமனதோடு வாசிப்பார்கள். முதல் விருப்பத்துக்கு இரண்டு புள்ளி, அடுத்ததற்கு ஒன்று கொடுங்கள். தான் முன்மொழிந்த புத்தகத்துக்குப் புள்ளி போடக்கூடாது. 'இதை என்னால் வாசிக்கவே முடியாது' என்று ஒரு புத்தகத்தை விலக்கும் உரிமை ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் உண்டு, காரணம் கேட்கக்கூடாது. சமநிலை வந்தால் மெலிந்த புத்தகம் இந்த மாதம், மற்றது அடுத்த மாதம்.

வாக்கை ஒவ்வொருவரும் ஒருங்கிணைப்பாளருக்குத் தனியே அனுப்பட்டும். குழுவில் வெளிப்படையாகப் போட்டால், முதலில் சொன்னவர் பக்கமே மற்றவர்கள் சாய்வார்கள்.

முடிவான அன்றே பிரதிகளுக்குச் சொல்லிவிடுங்கள். கூட்டத் தேதியைப் புத்தகம் எல்லோர் கைக்கும் வந்த நாளிலிருந்து நான்கு வாரம் என்று கணக்கிடுங்கள்.