மலையில் பிக்கப் பாடிக்கு பெட்லைனர் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ஓடும் பிக்கப் வண்டியின் பாடித் தகட்டுக்கு ஓய்வே கிடையாது. காலையில் கொழுந்து மூட்டை, மதியம் உரம், மறுநாள் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கழுவிய கேரட், திரும்பி வரும்போது எம்-சாண்ட். ஈரம் காய்வதற்குள் அடுத்த லோடு ஏறிவிடுகிறது. துரு வராமல் இருந்தால்தான் அதிசயம். அதனால்தான் இப்போது நிறையப் பேர் பெட்லைனர், அதாவது லோடு ஏற்றும் தகட்டைக் காக்கும் தடித்த பூச்சு, டின் வாங்கி வீட்டு வாசலிலேயே பூசிக்கொள்கிறார்கள். நல்ல முடிவுதான். ரப்பர் பாய் விரித்தால் அதன் அடியில் தண்ணீர் தங்கும். பெட்லைனர் தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் அந்த இடைவெளியே இருக்காது. வளைவுகளில் மூட்டையும் வழுக்காது.

ஆனால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாளம் பாளமாக உரிந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பழி டின் மேல் விழுகிறது. பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பும் ஈரமும்தான் பெரும்பாலும் காரணம்.

முதலில் உப்பு. யூரியாவும் பொட்டாஷும் சிந்திய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத உரப்படிவு இருக்கும். பலர் நேராகத் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறார்கள். தின்னர் எண்ணெயை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். பூச்சுக்கு அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக் கொப்புளமாக எழுப்பும். ஆகவே சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, மூலை முடுக்கெல்லாம் நன்றாக அலசி, காயவிட்டு, அதற்கப்புறம்தான் தின்னர். துரு பிடிக்காமல் இருக்கப் பழைய என்ஜின் ஆயில் அடித்த வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒருமுறை துடைத்தால் போகாது. அழுக்கான துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கடைசியில் தகட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது.

அப்புறம் தேய்ப்பு. வழவழப்பான பழைய பெயின்ட் மேல் எந்தக் கோட்டிங்கும் பிடிக்காது. 180ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு முழுதும் மங்கும்வரை தேய்க்க வேண்டும். துருவை கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி எடுக்கலாம். செதில் உதிரும் துரு மேல் பூசுவது வீண் செலவு. தகடு ஓட்டையாகியிருந்தால் முதலில் வெல்டிங், பிறகுதான் மற்றதெல்லாம்.

பிரைமர் என்னும் அடிப்பூச்சு விஷயத்தில் நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு, கடையில் கிடைக்கும் சாதா ரெட் ஆக்சைடை அடித்துவிட்டு அதன் மேல் பெட்லைனர் பூசுவது. இரண்டு பாகம் கலந்து பூசும் பெட்லைனரில் இருக்கும் கரைப்பான் வீரியமானது. அது அந்த ரெட் ஆக்சைடைச் சுருக்கித் தூக்கிவிடும். வெறும் தகடு தெரியும் இடத்துக்கு ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் இரண்டாவது பாகம்) கலக்கும் எபாக்சி பிரைமர்தான் சரி. அதேபோல பெட்லைனரை இளக்குவதற்கு சாதா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஊற்றாதீர்கள். அதில் ஆல்கஹால் கலந்திருக்கும். ஹார்டனர் பூச்சை இறுக்காமல் அந்த ஆல்கஹாலோடு வினைபுரிந்து வீணாகும். பி.யூ. (பாலியூரித்தேன்) தின்னர் என்று கேட்டு வாங்குங்கள்.

இனி ஈரம். சமவெளியில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம், நமக்கு இதுதான் முழு விஷயம். பெட்லைனரின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். அது தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவை விடும். ஈரத் தகட்டில் பூசினால் பூச்சுக்குள் குமிழி குமிழியாக நிற்பது இதனால்தான். மழை பெய்யவில்லையே, மேலே கூரை இருக்கிறதே என்று நினைப்பது போதாது. இரவில் தகடு காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். காலையில் மூடுபனி வரும்போது அதன் மேல் கண்ணுக்குப் புலப்படாத ஈரப்படலம் உட்காரும். பெயின்ட் வேலையில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு, பனிபடும் வெப்பநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) தகடு குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும் என்பது. காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிபடும் வெப்பநிலை 16 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. அப்போது தகடு கிட்டத்தட்ட 20 டிகிரியாவது இருக்க வேண்டும். ஊட்டியில் காலை ஒன்பது மணித் தகடு எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கையில் கருவி இல்லையென்றால் ஈரத்துணியால் தகட்டில் உள்ளங்கை அகலம் ஒரு துடைப்பு துடையுங்கள். கால் மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூசலாம். காயவில்லையா, டின்னைத் திறக்கவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம்வரைதான் காலம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், ஊட்டிப் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமும் நினைக்கவே கூடாது. டிசம்பர், ஜனவரி வெயில் நன்றாகத்தான் அடிக்கும். ஆனால் இரவில் உறைபனி விழுந்தால் பூச்சு பாதியில் இறுகாமல் நின்றுவிடும். வெயில் ஏறிய பிறகு பத்து மணி வாக்கில் ஆரம்பித்து, இரண்டாவது கோட்டும் மூன்று மணிக்குள் முடிகிற மாதிரி திட்டமிடுங்கள்.

சீக்கிரம் காயட்டும் என்று கரி அடுப்பைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள் வைப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், வைக்காதீர்கள். கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும். மூடிய இடத்தில் கரிப்புகையே ஆளைக் கொல்லும். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பதும் அதே அளவு ஆபத்து. ஐசோசயனேட் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலே மூச்சுத் திணறும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது. ஸ்ப்ரே என்றால் வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடிதான் முறை. அது இல்லாத வீட்டு வேலைக்கு ரோலர் போதும். அப்போதும் ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி வைத்த முகமூடி, கையுறை, திறந்த வாசல் மூன்றும் வேண்டும்.

கலவையைக் கண் மதிப்பில் கலக்காதீர்கள். பல டின்களில் மூன்று பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு ஹார்டனர் என்றிருக்கும். உங்கள் டின்னில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே சட்டம். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்பது தவறு. பூச்சு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். மிச்சக் கலவையை மூடி போட்டு அடைக்கவும் கூடாது, வாயு அழுத்தத்தில் டின் வெடிக்கலாம். திறந்தவெளியில் இறுகவிட்டுக் குப்பையில் சேருங்கள். ஓடையில் கொட்டாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் கீழே குடிக்கிறார்கள்.

ஒரே கோட்டில் தடியாக முடிப்பதும் வேண்டாம். மேல்தோல் இறுகி உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். தகடுகள் சேரும் தையலிலும் மூலையிலும் முதலில் பிரஷ்ஷால் பூசி, பிறகு ரோலரில் மெல்லியதாக இரண்டு கோட். தண்ணீர் வடியும் ஓட்டைகளில் டேப்பைச் சுருட்டிச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். அவை அடைபட்டால் பாடி தொட்டியாகிவிடும். மாஸ்கிங் டேப்பைப் பூச்சு முழுதாக இறுகும்முன் உரியுங்கள், இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து வரும்.

மறுநாள் தொட்டால் ஒட்டாது. அதைப் பார்த்து லோடு ஏற்றிவிடாதீர்கள். நம் குளிரில் ஒரு வாரமாவது விடுவது நல்லது, காய்கறி என்றால் வாசனை முழுதும் போகும்வரை. பிறகு எப்போதாவது மண்வெட்டி பட்டுத் தகடு தெரிகிறதா, அந்த இடத்தை மட்டும் கழுவி, தேய்த்து, தகட்டுக்கு எபாக்சி வைத்து, அதே பூச்சைத் தொட்டு வையுங்கள். ஜூன் மழைக்கு முன்னால் செய்துவிட்டால் துரு பக்கத்துக்குப் பரவ நேரம் கிடைக்காது.