வாட்டர்கலர் பிரஷ்: எந்த வேலைக்கு எந்த முடி?

வாட்டர்கலர் கற்கத் தொடங்குகிறவர்கள் முதலில் திகைத்து நிற்கும் இடம் பிரஷ்தான். ஒரே எண், ஒரே நீளம், பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு பிரஷ்கள் இருக்கும். ஆனால் ஒன்றின் விலைக்கு மற்றதில் ஒரு கட்டே வாங்கிவிடலாம். விலை கூடியதை வாங்கினால்தான் படம் வருமோ என்று ஒரு பயம். மலிவானதை வாங்கிப் படம் சொதப்பினாலோ, தப்பு கையிலா பிரஷிலா என்று தெரியாத குழப்பம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கை இழை பிரஷில் தொடங்குங்கள். அதற்காக, இயற்கை முடி என்பது வெறும் பந்தா என்று நினைத்துவிடவும் வேண்டாம். வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது எல்லா வடிவத்திலும் எல்லா அளவிலும் ஒரே மாதிரி இல்லை. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்துகொண்டால் பணத்தை எதில் போடுவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

படி 1: பிரஷின் நான்கு வேலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாட்டர்கலர் பிரஷ் நான்கு காரியம் செய்ய வேண்டும். தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். வைத்ததைச் சீராக விட வேண்டும். நனைந்ததும் முனை ஊசிபோல் கூட வேண்டும். அழுத்தி வளைத்துவிட்டு எடுத்தால் பழையபடி நிமிர வேண்டும். இந்த நான்கையும் ஒரே முடி நன்றாகச் செய்வது அபூர்வம். அப்படிச் செய்வதால்தான் கோலின்ஸ்கி சேபிளுக்கு அந்த விலை.

கோலின்ஸ்கி சேபிள் என்று பெயர் இருந்தாலும் அது சேபிள் என்ற விலங்கின் முடி இல்லை. சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் வாழும், கீரிபோல் மெலிந்து நீண்ட ஒருவகை வீசலின் வால் முடி. குளிர்காலத்தில் அந்த வால் முடி நீண்டு அடர்ந்து வளரும். ஒவ்வொரு முடியும் நடுவில் சற்றுப் பருத்து, நுனியில் கூர்மையாக முடியும். அதனால்தான் அப்படிப்பட்ட பிரஷுக்கு நடுவில் ஒரு 'வயிறு' வருகிறது. தண்ணீர் சேர்வது அங்கேதான். பிரஷ் செய்பவர் நுனியைக் கத்தரியால் வெட்டிச் சீர்செய்வதில்லை. இயற்கையான நுனிகளை அப்படியே ஒன்றுசேர்த்து, வேர்ப்பக்கத்தைத்தான் வெட்டுகிறார்.

இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. நம் தலைமுடியைப் போலவே இந்த முடியின் மேலும் நுண்ணிய செதில்கள் உண்டு. தண்ணீர் அவற்றில் தங்கி மெல்ல மெல்ல இறங்குகிறது. நைலான், பாலியஸ்டர் இழைகளின் மேற்பரப்பு வழவழப்பானது. தண்ணீருக்கு அங்கே பிடிமானம் குறைவு. ஆகவே பழைய பாணி செயற்கை பிரஷைத் தாளில் வைத்த கணமே தண்ணீர் பொதுக்கென்று இறங்கிவிடும்; நாலு விரல் தூரம் போவதற்குள் காய்ந்துவிடும். தொடக்கநிலையில் உள்ளவர்களின் படங்களில் ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் வறட்சி என்று தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது வரும் நல்ல செயற்கை பிரஷ்கள் அப்படி இல்லை. இழைகளை வெவ்வேறு பருமனில் கலக்கிறார்கள், சிலவற்றை லேசாக நெளியவைக்கிறார்கள், நுனியை வேதிக் கரைசலில் அரித்துக் கூராக்குகிறார்கள். டாவின்சி நிறுவனத்தின் கசானியோ, பிரின்ஸ்டனின் நெப்டியூன் இரண்டும் அணில் முடியின் குணத்தைச் செயற்கை இழையில் கொண்டுவரும் முயற்சிகள். எஸ்கோடாவின் வெர்சாட்டில் சேபிளை நோக்கிப் போகிறது. முழுக்க அதே போல் இருக்கிறதா என்றால் இல்லை. ஆனால் இடைவெளி நன்றாகவே குறைந்துவிட்டது.

படி 2: பெயரை நம்பி வாங்காதீர்கள்

இதை நான் அடிபட்டுக் கற்றேன். ஆரம்பத்தில் கைப்பிடியில் 'ஒயிட் சேபிள்' என்று எழுதியிருந்த ஒன்றை, ஆகா சேபிள் இவ்வளவு குறைவாகவா என்று மகிழ்ந்து வாங்கினேன். அது வெள்ளை நிறச் செயற்கை இழை. பிரஷ் மோசமில்லை, ஏமாந்தது நான்தான்.

'ஒயிட் சேபிள்', 'கோல்டன் சேபிள்' என்றால் செயற்கை. 'சேபலின்' என்றால் சேபிள் நிறத்துக்குச் சாயம் ஏற்றிய மாட்டு முடி. 'கேமல் ஹேர்' பிரஷில் ஒட்டகத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அணில், ஆடு, குதிரைக்குட்டி என்று எதுவும் அதில் இருக்கலாம். வெறும் 'ரெட் சேபிள்' என்றால் வீசல் இனத்து முடிதான், ஆனால் கோலின்ஸ்கி அளவுக்குத் தரம் இருக்காது.

எண்ணையும் நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 8 இன்னொரு நிறுவனத்தின் 10-க்குச் சமமாக இருக்கலாம். இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. இணையத்தில் வாங்கும்போது எண்ணை விட்டுவிட்டு, முடி வெளியே எத்தனை மில்லிமீட்டர் நீளம், அடியில் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று பாருங்கள்.

எண் என்றதும் ஒரு சின்னக் கதை. வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் புகழ்பெற்ற கோலின்ஸ்கி வரிசைக்குப் பெயர் சீரிஸ் 7. 1866-இல் விக்டோரியா அரசிக்காகச் செய்யச் சொன்ன பிரஷ்கள் அவை. அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்தப் பெயர். ஆக, சீரிஸ் 7 என்றால் அளவு 7 என்று நினைத்துக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். அந்த வரிசையில் பல அளவுகள் உண்டு.

படி 3: கடையில் ஒரு குவளைத் தண்ணீர் கேளுங்கள்

புது பிரஷின் முனை விறைப்பாக, அழகாகக் கூர்ந்திருக்கும். அது பிரஷின் திறமை அல்ல. வழியில் சிதையாமல் இருக்க ஊற்றிய பசை. அந்தப் பசையோடு வளைத்துப் பார்த்தால் முடி ஒடியும். தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறவிட்டு, விரலால் மெல்லப் பிசைந்து பசையைக் கரைத்துவிட்டுத்தான் எந்தச் சோதனையும்.

கரைந்ததும் பிரஷை நன்றாக நனைத்து, மணிக்கட்டை ஒருமுறை வெடுக்கென்று உதறுங்கள். விரலால் தொடாமலே முடி எல்லாம் கூடி ஒரே முனையாக வர வேண்டும். இரண்டாகப் பிளந்து பாம்பு நாக்குபோல் நின்றால் வைத்துவிடுங்கள், அது கோலின்ஸ்கியாகவே இருந்தாலும். இயற்கை முடி பிரஷ் கையால் செய்யப்படுவது. ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு பிரஷ் ஒன்றுபோல் இருக்காது. செயற்கை பிரஷில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. இதுவும் அதன் பக்கம் ஒரு பெரிய நன்மை.

அடுத்து, நனைந்த முனையை நகத்தின் மேல் அழுத்தி வளைத்து எடுங்கள். உடனே நிமிர்ந்தால் துள்ளல் நன்றாக இருக்கிறது. வளைந்தபடியே கிடந்தால் அணில் முடியோ ஆட்டு முடியோவாக இருக்கும். அது குறை இல்லை. அந்த முடியின் குணமே அதுதான், வேலையும் வேறு.

கடைசியாக, உலோகக் குழலைப் பிடித்துக் கைப்பிடியை லேசாகத் திருகிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

தண்ணீர் தர மறுக்கும் கடையில் விலை கூடிய பிரஷை நான் வாங்குவதில்லை.

படி 4: வீட்டில் கோடு போட்டுப் பாருங்கள்

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிரஷ்களையும், நண்பரிடம் கேட்டு வாங்கிய ஒரு இயற்கை முடி பிரஷையும் வைத்து இதைச் செய்யுங்கள். ஏறக்குறைய ஒரே பருமனாகப் பார்த்து எடுங்கள். ஒரு கிண்ணத்தில் ஒரே நிறத்தை நிறையக் கரைத்துக்கொள்ளுங்கள். அடர்நீலம் என்றால் நன்றாகத் தெரியும். தாளும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பிரஷை முழுக்க முக்கி, கிண்ண விளிம்பில் ஒரே ஒருமுறை தொட்டு எடுத்து, தாளின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நிதானமாக ஒரு கோடு. நிறம் தீரும் வரை அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று போய்க்கொண்டே இருங்கள். மறுபடி முக்கக் கூடாது.

எத்தனை வரி வந்தது என்பதைவிடக் கோடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சாதாரண நைலான் பிரஷின் கோடு தொடக்கத்தில் புடைத்து, ஈரம் மேடுகட்டி நிற்கும். கொஞ்ச தூரத்திலேயே மெலியும். பிறகு தாளின் சொரசொரப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். சேபிளின் கோடு முதல் விரல் தூரத்திலும் கடைசி விரல் தூரத்திலும் கிட்டத்தட்ட ஒரே பருமனில் ஓடிக்கொண்டிருக்கும். அணில் முடி இரண்டையும்விட நீண்ட தூரம் போகும், ஆனால் முனை தொய்ந்து கோடு கொஞ்சம் அலைபாயும். இந்த ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டால் எந்த விளம்பரமும் உங்களை மயக்காது.

படி 5: வடிவத்தைப் பார்த்து முடியைத் தேர்ந்தெடுங்கள்

சரி, எதை வாங்குவது?

ஃப்ளாட் பிரஷ் என்றால் யோசிக்கவே வேண்டாம், செயற்கைதான். தட்டை பிரஷில் நமக்கு வேண்டியது நேர்த்தியான விளிம்பும் விறைப்பும். செயற்கை இழை அதைச் சேபிளைவிட நன்றாகவே தருகிறது.

வானம், கடல் என்று பெரிய பரப்பை நனைக்கும் மோப் பிரஷுக்கு அணில் முடி, அல்லது அதைப் போலச் செய்த செயற்கை இழை. இங்கே கோலின்ஸ்கி வாங்குவது வீண். அளவு ஏற ஏற அதன் விலை தாவிக்குதித்து ஏறும். நீளமான முடி அரிதாகத்தான் கிடைக்கிறது. பரப்பை நனைக்கத் துள்ளலும் தேவையில்லை. அணில் முடியும் செயற்கை இழையும் கலந்த சில்வர் பிளாக் வெல்வெட் போன்றவை நல்ல நடுவழி.

கோலின்ஸ்கி தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் ஒன்றுதான்: நடுத்தர ரவுண்ட் பிரஷ் (அடி உருண்டு முனை கூர்ந்தது), 6-லிருந்து 10 வரை. இலை, முகம், துணி மடிப்பு என்று ஒரே வீச்சில் மெல்லியதாகத் தொடங்கிப் பருத்து மறுபடி மெலிய வேண்டிய கோடுகள் அங்கேதான் வருகின்றன. அதற்கு நான்கு குணமும் ஒருசேர வேண்டும்.

0, 1 போன்ற பொடி பிரஷ்களைத் தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம் என்பேன். அவை படத்தை நோண்ட வைக்கும். நல்ல முனை உள்ள 10 எண் பிரஷ் பூனையின் மீசையையும் வரையும், பின்னணியையும் நிரப்பும்.

ஆக, முதல் கொள்முதல்: முனை நன்றாகக் கூடும் செயற்கை ரவுண்ட், 10 அல்லது 12-இல் ஒன்று. 6-இல் ஒன்று. ஓர் அங்குல ஃப்ளாட் ஒன்று. பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட் வேண்டாம். அதில் எட்டு தூங்கும். மிச்சமாகும் பணத்தை முழுப் பருத்தித் தாளில், 300 ஜிஎஸ்எம்-இல் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) போடுங்கள். மட்டமான தாளில் கோலின்ஸ்கி செய்வதைவிட, நல்ல தாளில் சாதாரண செயற்கை பிரஷ் செய்வது அதிகம். இது என் உறுதியான கருத்து, சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கோலின்ஸ்கிக்கு எப்போது போகலாம்? கோட்டின் நடுவில் நிறம் தீர்ந்து, மறுபடி முக்கித் தொடங்கிய இடம் தெரிகிறதே என்ற எரிச்சல் உங்களுக்கே வரும்போது. அதற்கு முன் வாங்கினால் வித்தியாசமே தெரியாது. விலங்கின் முடி வேண்டாம் என்பவர்கள் அந்தப் பக்கமே போகாமலும் இருந்துவிடலாம். இந்த முடிக்காகக் காட்டு விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிக்கிறார்கள் என்பது மறைக்கிற விஷயமல்ல. செயற்கை பிரஷில் மட்டுமே வரைந்து அருமையான படங்கள் செய்பவர்கள் ஏராளம்.

படி 6: வாங்கியதைக் கெடுக்காதீர்கள்

பிரஷைத் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் முனை வளைந்திருக்கும். தண்ணீர் குழலுக்குள் ஏறிக் கைப்பிடி உப்பி, பூச்சு உரியும், பசை விடும். இரண்டு வகை பிரஷுக்கும் இது பொருந்தும்.

காய்ந்த வண்ணக் கட்டியை நல்ல பிரஷால் தேய்க்க வேண்டாம். அதற்கென்று ஒரு பழைய செயற்கை பிரஷ். அக்ரிலிக், மாஸ்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் தடவி, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) இரண்டுக்கும் இயற்கை முடியைக் காட்டவே கூடாது. வேரில் போய் இறுகிவிட்டால் முடிந்தது. முனையைக் கூராக்க வாயில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்த நிறங்கள் உண்டு.

வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, விரலால் முனையைக் கூட்டி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். இயற்கை முடி பிரஷை மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு இறுக்கமான பெட்டியில் வையுங்கள். கம்பளியைத் தின்னும் அதே அந்துப்பூச்சிக்கு இதுவும் தீனிதான். செயற்கை இழையை அது தொடாது.

செயற்கை பிரஷின் முனை நாளடைவில் கொக்கிபோல் வளையும். சூடான, ஆனால் கொதிக்காத நீரில் முனையை மட்டும் சில நொடி காட்டிவிட்டு விரலால் நீவி விடுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும், கொஞ்ச காலத்துக்கு. அப்புறமும் வளைந்தால் அது மாஸ்கிங் ஃப்ளூயிடுக்கு ஆயிற்று. தடவுவதற்கு முன் அதைச் சோப்பு நுரையில் ஒருமுறை தோய்த்துக்கொள்ளுங்கள். கழுவும்போது எளிதாக விட்டுவரும்.