துரித உணவகத்தில் பகுதிநேர வேலை: புதிதாகச் சேருபவர்கள் செய்யும் தவறுகள்

துரித உணவகத்தில் பகுதிநேரமாகச் சேரும் எல்லோருக்கும் முதல் வாரத்தில் ஒரே பயம்தான்: "என் கை வேகம் போதாதோ?" நானும் அப்படித்தான் பயந்தேன். படிக்கும்போது இரண்டு வருடம், மாலை நேரத்திலும் வார இறுதியிலும் அந்த வேலை பார்த்தேன். கடைசி எட்டு மாதம் புதிதாக வருபவர்களைப் பழக்கிவிடும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அப்போது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது: கை வேகம் மூன்று வாரத்தில் தானாக வந்துவிடுகிறது. சுட்டுக்கொள்வது, வழுக்கி விழுவது, திட்டு வாங்குவது, செய்த வேலைக்குக் கூலி விட்டுப்போவது எல்லாம் வேறொன்றால் வருகின்றன. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பதால்.

கேட்கக் கூச்சப்படுவது

இந்தச் சமையலறை எப்படி ஓடுகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1948-ல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடையில் பண்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்து, சமையலறையையே மாற்றி அமைத்தார்கள். இன்றும் பெரும்பாலான துரித உணவகங்களில் அந்த ஏற்பாடுதான். ஒருவர் கிரில், ஒருவர் ஃபிரையர் (எண்ணெயில் பொரிக்கும் இயந்திரம்), ஒருவர் ரொட்டியை அடுக்கிச் சுற்றித் தருவார், ஒருவர் கவுண்டரில் நிற்பார். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒருவர் செய்துவிட்டால், அந்தத் தவறு அவரோடு நிற்பதில்லை. நாலு கை மாறி வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வெளியே தெரியும்.

முதல் நாள் பயிற்சியில் ஏகப்பட்ட விஷயம் சொல்லித்தருவார்கள். பாதி மறந்துபோகும். அதில் தப்பே இல்லை. மறந்ததை இரண்டாம் தடவை கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று தயங்குவதுதான் தப்பு. "இதில் சாஸ் ஒரு தடவையா, இரண்டு தடவையா?" என்று கேட்க ஐந்து நொடி போதும். கேட்காமல் செய்து அது திரும்பி வந்தால், கூட்ட நேரத்தில் அதற்குப் பின்னால் நிற்கும் ஐந்து ஆர்டரும் நிற்கும். முதல் இரண்டு வாரம் கேள்வி கேட்கத்தான் இருக்கின்றன. மூன்றாம் மாதத்தில் அதே கேள்வியைக் கேட்கும்போதுதான் முகம் சுளிப்பார்கள்.

இன்னொன்று, சொன்னதைத் திருப்பிச் சொல்வது. "ஃபிரைஸ் மூணு" என்று குரல் வந்தால், "ஃபிரைஸ் மூணு" என்று நீங்களும் சத்தமாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். காற்றுப்போக்கி இரைகிறது, டைமர் அலறுகிறது, சொன்னவர் முதுகைக் காட்டி நிற்கிறார். தலை ஆட்டியதை யார் பார்ப்பது?

சூடு

நான் பழக்கிய முதல் ஆட்களில் ஒரு தம்பி ரொம்ப அமைதி. சுறுசுறுப்பு உண்டு, சத்தம் கிடையாது. ஒரு சனிக்கிழமை மாலை, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த தட்டைத் தூக்கிக்கொண்டு, ஃபிரையர் முன்னால் நின்ற ஓர் அக்காவுக்குப் பின்னால் கடந்தான். "பின்னாடி, சூடு!" என்று சொல்லவில்லை. அவர் சட்டென்று திரும்ப, தட்டின் விளிம்பு முன்கையில் பட்டுவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்துப்போனது. குழாயைத் திறந்து கையைக் காட்டச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் "போதும், ஆர்டர் நிற்குது" என்று கையை எடுக்கப் பார்த்தார். விடவில்லை. தீக்காயத்தை ஓடுகிற குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். தோலுக்கு அடியில் இறங்கிய சூடு தணிய அவ்வளவு நேரம் தேவை. ஐஸ் வைக்கக் கூடாது, பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. மோதிரம், கடிகாரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். அந்த 20 நிமிடமும் கவுண்டரில் ஆள் இல்லாமல் தவித்தோம், உண்மைதான். தவித்தால் தவிக்கட்டும்.

அதனால் சொல்கிறேன்: பின்னால் போனால் "பின்னாடி", கையில் கத்தி இருந்தால் "கத்தி", மூலை திரும்பினால் "மூலை". முதல் நாள் கத்த வெட்கமாகத்தான் இருக்கும். கத்துங்கள்.

ஃபிரையரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நீர் கொதிப்பது 100 டிகிரியில். அந்த எண்ணெய்க்குள் ஒரு துளி நீர் விழுந்தால் அடுத்த கணமே ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரியும். மேலே இருக்கும் எண்ணெயைத் தூக்கி எறிவது அந்த ஆவிதான். ஃப்ரீசரிலிருந்து வந்த பையின் அடியில் தங்கியிருக்கும் பனித்துகளை அப்படியே கூடையில் கொட்டுவது, கழுவிய கூடையை ஈரத்தோடு இறக்குவது, பானத்துக்கான ஐஸை ஃபிரையர் பக்கம் கொண்டுபோவது, மூன்றுமே அடிக்கடி நடக்கிற தவறுகள். கூடையை எண்ணெய்க்கு மேலே பிடித்து நிரப்பாமல், தள்ளி வைத்து நிரப்பி, உதறி, மெதுவாக இறக்குங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சூட்டை அணைத்து, மற்றவர்களைக் கூப்பிட்டு விலகுங்கள். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே தனித் தீயணைப்பான் இருக்கும். அது எங்கே மாட்டியிருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

அப்புறம் ஈரத்துணி. சூடான தட்டை ஈரத்துணியால் பிடித்தால் சூடு உடனே கைக்கு வரும், ஏனென்றால் காற்றைவிட நீர் சூட்டை வேகமாகக் கடத்தும். உலர்ந்த துணி, இல்லையென்றால் சூடு தாங்கும் கையுறை. செருப்பு விஷயத்தில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: வழுக்காத அடியுள்ள, மூடிய காலணி. எண்ணெய் படிந்த தரையில் சாதாரண விளையாட்டுக் காலணி சறுக்கும்.

கையுறை போட்டால் கை சுத்தம் என்று நினைப்பது

பச்சைக் கோழியைத் தொட்ட கையுறையோடு ரொட்டியைத் தொட்டால், கையுறை போட்டும் பயனில்லை. கையுறைக்கும் கைக்கும் ஒரே விதி. வேலை மாறினால் கழற்றிப் போட வேண்டும், கை கழுவ வேண்டும், புதிதாகப் போட வேண்டும். கழுவுவது என்றால் சோப்புப் போட்டு 20 நொடி. கைபேசியைத் தொட்டாலும், முகத்தைத் தொட்டாலும், பணத்தைத் தொட்டாலும் இதேதான்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது ஆள் இல்லையே என்று வேலைக்கு வருவது இதைவிடப் பெரிய தவறு. நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடாமல் இருக்க வேண்டும். நோரோவைரஸ் போன்ற வயிற்றுக் கிருமிகள் ஒருவரிடமிருந்து ஒரு கடை முழுக்கப் பரவும். "இன்று வர முடியாது, காரணம் இது" என்று போன் செய்து சொல்வது கடமை. போனில் கொஞ்சம் கோபத்தைக் கேட்க வேண்டியிருக்கும். பரவாயில்லை.

ஒவ்வாமை பற்றி யாராவது கேட்டால், தெரியாமல் "அது இல்லைங்க" என்று சொல்லிவிடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எள், நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை என்று ஒவ்வாமை தரக்கூடியவற்றின் பட்டியல் பெரும்பாலான கடைகளில் இருக்கும். ஃபிரைஸில் கோதுமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் மாவில் புரட்டிய கோழியைப் பொரித்த அதே எண்ணெயில் அதைப் பொரித்திருந்தால்? "இருங்க, பார்த்துச் சொல்கிறேன்" என்பதுதான் சரியான பதில். பட்டியலைப் பாருங்கள், பொறுப்பாளரைக் கேளுங்கள். அப்படியும் உறுதியாகத் தெரியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். சாப்பிடுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

கடிகாரத்தை ஏமாற்றுவது

இது யாரும் பயிற்சியில் சொல்லித்தராத விஷயம். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பழகிக்கொள்வது. சமையலறைத் திரையில் ஒவ்வொரு ஆர்டருக்கும் நொடிகள் ஓடும். நேரம் கூடினால் நிறம் மாறும். அந்த எண்ணைத்தான் மேலாளர்கள் பார்க்கிறார்கள். அதனால் சமையலறையில் நிற்பவர்கள், சாப்பாடு தயாராகும் முன்பே பொத்தானை அழுத்தி ஆர்டரைத் திரையிலிருந்து அகற்றிவிடுவார்கள். எண் அழகாக இருக்கும். ஆனால் திரையில் இல்லாத ஆர்டர் யார் நினைவிலும் இருக்காது. ஒருவர் கையில் ரசீதோடு பத்து நிமிடம் ஓரமாக நிற்பார். "என்ன கேட்டீர்கள்?" என்று அவரிடமே மறுபடி கேட்க வேண்டிவரும். கவுண்டரில் நிற்கும்போது அப்படி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

சூடுபெட்டியில் வைத்த பண்டத்துக்கும் டைமர் உண்டு. அது அடித்தால் தூக்கிப் போட வேண்டும். அடித்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடவிட்டுப் பண்டத்தை அப்படியே வைப்பவர்கள் உண்டு. வீணாக்க மனம் வராது, எனக்கும் வராது. ஆனால் அதற்குத் தீர்வு டைமரில் இல்லை. கூட்டம் குறையும்போது குறைவாகப் போடுவதில் இருக்கிறது. "இப்போ எத்தனை போடட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டால் பாதி மிச்சமாகாது.

கல்லாவில்

வாங்கிய நோட்டை, மீதி கொடுத்து முடிக்கும்வரை பெட்டிக்குள் போடாமல் வெளியே வையுங்கள். "நான் பெரிய நோட்டல்லவா கொடுத்தேன்" என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நடுவில் யாராவது "இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள், இல்லை, இப்படி மாற்றித் தாருங்கள்" என்று குழப்பினால், பெட்டியை மூடிவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள். இப்படிக் குழப்பிப் பணம் பறிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் எண்ணைப் போட்டுத் திறந்த கல்லாவில் இன்னொருவரை நிற்கவிடாதீர்கள், எவ்வளவு நெருங்கிய தோழராக இருந்தாலும். குறைந்தால் கணக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

கோபமாக வருபவரிடம் காரணம் சொல்லத் தொடங்குவதும் வழக்கமான தவறு. ஃபிரைஸ் ஆறிப்போய்விட்டது என்று வந்தவருக்கு ஏன் ஆறியது என்பது வேண்டாம். "மாற்றித் தருகிறேன், இரண்டு நிமிடம்" போதும். ஆனால் அவர் கெட்ட வார்த்தையில் இறங்கினால் அதைத் தாங்கிக்கொள்வது உங்கள் வேலை அல்ல. பொறுப்பாளரைக் கூப்பிட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

நேரம், கூலி, படிப்பு

பகுதிநேரக்காரர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். சேரும்போது "எப்போ வேணா வருவேன்" என்று சொல்லிவிடுவார்கள், வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று. சொன்னதை நம்பி அட்டவணை போடுவார்கள். தேர்வு வாரத்தில் ஐந்து ஷிஃப்ட் விழும். அப்போது மறுத்தால் பொறுப்பில்லாதவர் என்று பெயர். வர முடியாத நாட்களைச் சேரும்போதே எழுதிக் கொடுங்கள். தேர்வுத் தேதி தெரிந்த அன்றே சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்ன மறுப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்குக் காலையில் சொல்வதைத்தான் மறக்க மாட்டார்கள்.

இரவு கடையை மூடிவிட்டு மறுநாள் காலை திறக்கவும் வருகிற ஷிஃப்டை ஒருமுறை ஒப்புக்கொண்டால் அதுவே வழக்கமாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் எதைச் சொன்னாலும், உடம்பு கேட்பது ஏறக்குறைய அதுதான். ஷிஃப்டை நண்பருடன் மாற்றிக்கொண்டால் வாய்ப்பேச்சோடு விடாமல் பொறுப்பாளரிடம் சொல்லி அட்டவணையில் மாற்ற வேண்டும். அவர் வராமல் போனால் வராதவர் நீங்கள்தான்.

வேலை முடிந்ததாகப் பதிந்துவிட்டு, "இந்தக் குப்பையை மட்டும் போட்டுவிட்டுப் போ" என்றால் செய்யாதீர்கள். செய்துவிட்டுப் பதியுங்கள். பத்து நிமிடம்தானே என்று தோன்றும். வாரம் நாலு நாள், நாள் பத்து நிமிடம் என்றால் வருடத்துக்கு 34 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நான் ஒரு சின்ன நோட்டில் வந்த நேரம், போன நேரம், இடைவேளை மூன்றையும் எழுதி வந்தேன். நான்காம் மாதம் சம்பளச் சீட்டில் ஒரு ஷிஃப்டே விட்டுப்போயிருந்தது. சண்டை எதுவும் இல்லை. நோட்டைக் காட்டினேன். கணினியில் தேடிப் பார்த்தார்கள், அடுத்த சம்பளத்தில் சேர்த்துத் தந்தார்கள். அதே மாதம் என்னோடு வேலை பார்த்த இன்னொருவருக்கும் குறைவதுபோல் தோன்றியது. எந்த நாள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கேட்காமலே விட்டுவிட்டார்.

மூடுகிற ஷிஃப்டில் ஒரு விஷயம் மட்டும். சீக்கிரம் கறை போகட்டும் என்று இரண்டு கழுவும் திரவங்களைக் கலக்காதீர்கள். பிளீச்சோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா கலந்தாலும் நச்சு வாயுதான். மூடிய கழிவறைக்குள் அது விளையாட்டல்ல. போத்தலில் பெயர் ஒட்டியில்லை என்றால், தொடும் முன் "இது என்னது?" என்று சத்தமாகக் கேளுங்கள்.